நிபந்தனையுள்ள கொடையா, நிபந்தனையற்ற கொடையா?

தேர்தல் அரசியலுக்கும் பணம் தரும் பெருஞ்செல்வர்கள் கொடையளிக்க முன்வரும்போது, எத்தகைய கொடையை ஏற்பது என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தடுமாறுகின்றன.

தொகை: நிபந்தனையுள்ளது பெரிதாகவும் விரைவாகவும் வரும், நிபந்தனையற்றது மெல்லச் சேரும்.

நிலைத்தன்மை: முன்னது கொடையாளர் மனம் மாறினால் நின்றுவிடக்கூடும், பின்னது மூலதன நிதியானால் அதன் வருவாயிலேயே ஓடும்.

கல்விச் சுதந்திரம்: உண்மையான வேறுபாடு இங்கேதான். புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் அரசியலுக்கும் பெரும்பணம் தந்த தொழிலதிபர் சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையுடன் 2008-இல் செய்த 15 லட்சம் டாலர் ஒப்பந்தம், பொருளியல் பேராசிரியர்களைத் தேர்ந்தெடுப்பதில் அறக்கட்டளை நியமித்த ஆலோசனைக் குழுவுக்கும் இடமளித்திருந்தது என்பது 2011-இல் பரவலாகத் தெரியவந்தபோது கடும் கண்டனம் எழுந்தது. யேல் பல்கலைக்கழகமோ, பேராசிரியர்களை ஏற்கும் உரிமையைக் கொடையாளர் கேட்டதைத் தொடர்ந்து, 1995-இல் 2 கோடி டாலரைத் திருப்பியே கொடுத்துவிட்டது. (அத்துணிவு செல்வம் மிக்க நிறுவனத்துக்கே எளிது.)

ஜனநாயகம்: நிறுவனங்கள் வேட்பாளருடன் கலந்துபேசாமல் தனியாகச் செய்யும் தேர்தல் செலவுகளுக்கு இருந்த தடையை 2010-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பு நீக்கிய பின், வேட்பாளருக்காகச் செலவிடும் கையே அவர் மேற்கோள் காட்டும் ஆய்வுக்கும் பணம் தந்தால், வாக்காளர் இரண்டையும் பிரித்தறிவது கடினம்.

கட்டடம், ஆய்வகக் கருவி, மாணவர் உதவித்தொகை ஆகியவற்றுக்கு நோக்கம் வரையறுத்த கொடை பொருந்தும். பொருளியல், சட்டம், பொதுக்கொள்கைத் துறைகளுக்கு நிபந்தனையற்றதே தகும். அங்கும் ஒப்பந்தத்தை முழுமையாக வெளியிட வேண்டும்.