சமையல் இங்கிலிஷ்: போன் செயலியா, குசினிக் கொப்பியா?

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் அறை வாடகைக்கு விடுகிற வீடுகளில் குசினியில் நிற்கிறவர்களுக்கும் இங்கிலிஷ் இல்லாமல் சரிவராது. ஏப்ரலில் இருந்து செப்டெம்பர் வரை கடல் அமைதியாகக் கிடக்கிற காலம்தான் எங்களுக்கு சீசன். அந்த மாதங்களில் "காலமைக்கு என்ன, இதுக்குள்ள என்ன போட்டிருக்கு, உறைக்குமா" என்று வருகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அக்காவின் கெஸ்ட் ஹவுஸ் சமையல் என் பொறுப்புக்கு வந்தபோது இரண்டு வழி இருந்தது. ஒன்று, போனில் சொல் அட்டைகள் காட்டுகிற செயலி. மற்றது, கிழமைக்கான சாப்பாட்டுத் திட்டத்தையும் சாமான் லிஸ்ட்டையும் இங்கிலிஷிலேயே கொப்பியில் எழுதி வருவது. இரண்டையும் பாவித்துப் பார்த்துவிட்டு நான் கொப்பியோடு நின்றுவிட்டேன்.

செயலியின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததே. காசில்லை, பஸ்ஸில் இருந்தும் பார்க்கலாம், உச்சரிப்பைக் காதால் கேட்கலாம். அதற்குப் பின்னால் உள்ள யோசனையும் பழுதில்லை. எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன்காரர் தன்னைத்தானே சோதித்து 1885 இல் எழுதியது இது: படித்ததில் பெரும்பகுதி முதலிலேயே மளமளவென்று மறந்துபோகும், மிச்சம் மெதுவாகக் குறையும். மறக்கப்போகிற நேரம் பார்த்து அட்டையைத் திரும்பக் காட்டுவதுதான் செயலி செய்கிற வேலை.

ஆனால் படம் போட்ட ஆயத்த அட்டைகளில் வருவது ஸ்ட்ராபெரி, செலரி, அஸ்பரகஸ். முருங்கைக்காயும் மரவள்ளியும் கணவாயும் எங்கே? நாமே அட்டை செய்து சேர்க்கலாம்தான். ஆகவே இதை நான் பெரிய குறையாகப் பிடிக்கவில்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. செயலிக்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். சீசனில் அந்த நேரம்தான் முதலில் பறிபோகும். அறைகள் நிறைந்து, விடிய எழும்பி இடியப்ப மா குழைக்கத் தொடங்கினால், இரவு படுக்கும்வரை போனைத் தொடக் கிடைக்காது. செயலி அதற்காகக் காத்திருக்காது, பார்க்க வேண்டிய அட்டைகளை அடுக்கிக்கொண்டே போகும். கிழமைக்கணக்கில் விட்டுவிட்டுத் திறந்தால் நூற்றுக்கணக்கில் நிற்கும். அதைப் பார்த்ததும் மூடி வைக்கத்தான் மனம் சொல்லும். கூடுதலாக இங்கிலிஷ் தேவைப்படுகிற மாதங்களில்தான் படிப்பு நின்றுபோகிறது என்றால் அது யாருக்கு உதவும்?

கொப்பிக்கு அந்தக் கரைச்சல் இல்லை. நான் படித்தாலும் படிக்காவிட்டாலும் நாளைக்கு என்ன சமைப்பது என்று யோசித்தே ஆக வேண்டும், சந்தைக்கு லிஸ்ட் எழுதியே ஆக வேண்டும். அதை இங்கிலிஷில் எழுதுவதற்குக் கூடப்போவது கொஞ்ச நேரம். சோறு, பருப்பு, தேங்காய், வெங்காயம் கிழமை தவறாமல் தாமாகவே திரும்பி வருகின்றன. செயலி செய்கிற அந்தத் திருப்பிக் காட்டும் வேலையைப் பசியே செய்துவிடுகிறது. ஆட்கள் கூடினால் எழுதுவதும் கூடுகிறது.

ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன். "மண்டே. பிரேக்ஃபாஸ்ட்: ஸ்ட்ரிங் ஹொப்பர்ஸ், சொதி, கோக்கனட் சம்பல். லஞ்ச்: ரைஸ், ஃபிஷ் கறி, சீர் ஓர் ட்ரெவாலி, பிரிஞ்சால், டால். டினர்: யூஸ் அப் லெஃப்ட்ஓவர்ஸ். சோக் சிக்பீஸ் டுநைட்." அறுக்குளாவா பாரையா என்பது மீன் சந்தைக்குப் போன பிறகுதான் தெரியும், அதனால் இரண்டும் நிற்கிறது. லெஃப்ட்ஓவர்ஸ் விருந்தினருக்கு இல்லை, எங்களுக்கு.

இந்தப் பக்கத்தில் சோக், யூஸ் அப், லெஃப்ட்ஓவர்ஸ் மூன்றையும் பாருங்கள். ஊறவைப்பதையும் மிச்சத்தை முடிப்பதையும் எப்படிப் படம் போட்டுக் காட்டுவது? திட்டமிடுகிற சொற்கள் பெரும்பாலும் இப்படித்தான். ஐஸ் கட்டிய மீனை டிஃப்ரொஸ்ட் பண்ணுவது, உப்பும் மஞ்சளும் பிரட்டி மரினேட் பண்ணுவது, மா முடிந்துவிட்டால் ரன் அவுட் என்பது, எதுவும் என் கையில் இருந்த படச்செயலியில் வரவில்லை. கொப்பியில் முதல் கிழமையிலேயே எல்லாம் தேவைப்பட்டன.

அளவுச் சொற்களும் அப்படி. லிஸ்ட்டில் வெறுமனே கார்லிக் என்று எழுதினால் கடைக்குப் போகிற தம்பி எவ்வளவு என்று கேட்பான். உள்ளி ஒரு பல் என்றால் க்ளோவ், கறிவேப்பிலை ஒரு நெட்டு என்றால் ஸ்ப்ரிக், வல்லாரை ஒரு பிடி என்றால் பன்ச், உப்பு ஒரு சிட்டிகை என்றால் பின்ச். வினைச்சொற்களில் எனக்கு அதிகம் தடுக்கியது அவிக்கிறது. நாங்கள் முட்டையையும் அவிப்போம், புட்டையும் அவிப்போம். இங்கிலிஷில் முட்டை பொயில், புட்டு ஸ்டீம். பக்கத்தில் சாப்பாட்டின் பெயரும் நிற்பதால் அது மாறிப்போவதில்லை.

செயலியை முற்றாக அழிக்கவும் இல்லை. கொப்பி பேசாது, எழுத்துப்பிழையையும் திருத்தாது. அதைவிட முக்கியம், ஒவ்வாமைச் சொற்கள். கச்சான் பீநட், இறால் நண்டு வகை ஷெல்ஃபிஷ், பால் சேர்ந்தவை டெய்ரி, கோதுமையில் இருக்கிற க்ளூட்டன். ஒருவர் "ஐ ஆம் அலர்ஜிக்" என்று தொடங்கினால், அந்தச் சொல் எங்கள் கிழமைத் திட்டத்தில் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இந்தச் சொற்களின் அட்டைகளை மட்டும் போனில் வைத்திருக்கிறேன். அட்டைகள் கொஞ்சம் என்பதால் குவியாது.

யூடியூப் சமையல் வீடியோவை மூன்றாவது வழியாகச் சிலர் சொல்வார்கள். நான் அதை ஒழுங்காகத் தொடர்ந்தவள் இல்லை, அதனால் கொஞ்சமாகவே சொல்கிறேன். காது பழகுவதற்கு நல்லது. ஆனால் யார் சமைக்கிறார் என்று முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்கர் என்றால் கொத்தமல்லி இலை சிலான்ட்ரோ, இறால் ஷ்ரிம்ப், எங்கள் பிரிஞ்சால் எக்ப்ளான்ட். பிரித்தானியர் என்றால் அதே கத்தரிக்காய் ஓபர்ஜீன், இறால் ப்ரோன்ஸ். பிரித்தானியர் கிரில் என்பதை, அதாவது மேலிருந்து வெக்கை படவிடுவதை, அமெரிக்கர் ப்ரொயில் என்பார்கள். ஓவனை 350 க்குத் திருப்பச் சொன்னால் அது ஃபாரன்ஹீட், எங்கள் ஓவனில் கிட்டத்தட்ட 180 செல்சியஸ். ரேபிள்ஸ்பூன் பொதுவாக 15 மில்லிலீற்றர், அவுஸ்திரேலியாவில் 20.

சோதனைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கொப்பி போதாது. இது தந்தி மாதிரி இங்கிலிஷ், இலக்கணம் ஏறாது. ஹொட்டல் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கும் மேலே வேறு ஏதாவது வேண்டியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். வீட்டுக்குசினியில் நின்று ஆட்களைக் கவனிக்கிறவர்களுக்கு என் வாக்கு கொப்பிக்கே. 80 பக்கக் கொப்பி போதும், பென்சிலால் எழுதுங்கள், மீன் விலையைப் பார்த்துத் திட்டம் மாறும். மரக்கறிப் பெயர்களுக்குக் கடைசிப் பக்கத்தை விட்டுவையுங்கள், பிரிஞ்சாலுக்கு நேரே ஓபர்ஜீன், எக்ப்ளான்ட் இரண்டும் இருக்கட்டும். கேட்கிறவர் எந்த நாடு என்று பார்த்து எடுத்துச் சொல்லலாம்.