மேய்ச்சலா, பரணா? முதன்முதலாக வெள்ளாடு வாங்குவோருக்கு ஓர் ஒப்பீடு

வெள்ளாடு வளர்க்கத் துணிகிறவர்கள் முதலில் விசாரிப்பது பெரும்பாலும் இனத்தைப் பற்றித்தான். தலைச்சேரி நல்லதா, போயர் கலப்பு நல்லதா, நம்மூர்க் கன்னி ஆடே போதுமா என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே கொட்டகைக்கு அளவு எடுத்துவிடுகிறார்கள். தீவனம் எங்கிருந்து வரும் என்பது தெரிந்த பிறகுதான் வெளியில் ஓட்டிச் சென்று மேய்ப்பதா, உயரமான பரண் கொட்டகையிலேயே வைத்துத் தீவனம் போடுவதா என்று முடிவு செய்ய முடியும். இனத்தேர்வு அதற்கும் பிந்தியது. கொட்டகை எல்லாவற்றுக்கும் கடைசி.

மேய்ச்சலில் தீவனச் செலவு ஏறக்குறைய இல்லை. அதற்கு ஈடாக ஓர் ஆளின் முழுநாள் உழைப்பு போகிறது. வீட்டில் ஒருவர் ஆட்டோடு நடக்கத் தயாராக இருந்தால் இம்முறை இலாபம் தரும். சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பத்து ஆடுகளை மேய்க்க நினைத்தால் குட்டி விற்ற பணம் கூலிக்கே போய்விடும். மேய்ச்சல் நிலம் ஆண்டு முழுவதும் கிடைக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களின் மானாவாரிக் கரிசலில் புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு தொடங்கினால், தை, மாசியில் அறுவடை முடியும் வரை ஆடு விளைநிலத்தில் இறங்க முடியாது. அந்த மாதங்களில் கண்மாய்க் கரையும் புறம்போக்கும்தான் கதி. அறுவடைக்குப் பிறகு நிலம் திறந்துவிடும். கோடையில் கருவேல நெற்றும், தொரட்டியால் ஒடித்துப் போடும் குழையும் கைகொடுக்கும். ஆகவே விதைப்பு முதல் அறுவடை வரையான நான்கைந்து மாதங்களை எப்படிக் கடப்பது என்பதற்கு விடை இல்லாமல் மேய்ச்சலை நம்பி இறங்கக் கூடாது.

பரண் முறையில் தரையிலிருந்து நான்கைந்து அடி உயரத்தில், இடைவெளி விட்டு அடித்த சட்டங்களின் மேல் ஆடுகள் நிற்கின்றன. புழுக்கையும் மூத்திரமும் கீழே விழுந்துவிடுவதால் தளம் காய்ந்திருக்கிறது. எருவும் சிதறாமல் ஒரே இடத்தில் சேர்கிறது. வளர்ந்த ஆட்டுக்குப் பத்துச் சதுர அடியாவது வேண்டும். சட்டங்களின் இடைவெளி புழுக்கை விழும் அளவுக்கு மேல் அகன்றால் குட்டியின் கால் மாட்டிக்கொள்ளும். இவையெல்லாம் ஆசாரியிடம் சொல்லிச் செய்துகொள்ளக்கூடியவை. கடினமான பகுதி தீவனம்தான். வளர்ந்த ஆடு நாளொன்றுக்கு நான்கு கிலோ பசுந்தீவனம் தின்னும் என்று வைத்துக்கொண்டால், இருபது ஆடுகளுக்கு 80 கிலோ, மாதத்துக்கு 2,400 கிலோ. இதைக் கிணற்றுப் பாசனம் உள்ள நிலத்தில் விளைவித்து, நாள் தவறாமல் அறுத்துச் சுமக்க வேண்டும். அதுவும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை மட்டும் போட்டால் போதாது. வெள்ளாடு இயல்பிலேயே குழை கடிக்கும் பிராணி. வேலிமசால், அகத்தி, கிளைரிசிடியா, சூபாபுல் போன்றவையும் கலந்திருக்க வேண்டும். இவற்றில் சூபாபுல்லை மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் சேர்ப்பது நல்லதன்று. வறட்சியில் வாடி நிற்கும் இளஞ்சோளப் பயிரில் நஞ்சு இருக்கும் என்பதால் அதை அறுத்துப் போடவே கூடாது. காணொளிகளில் பளபளக்கும் பரணைக் காட்டுகிறவர்கள் அதன் பின்னால் இருக்க வேண்டிய தீவனக் காட்டைக் காட்டுவது அரிது.

நோய் விஷயத்தில் பரணுக்கு ஒரு தெளிவான மேன்மை உண்டு: குடற்புழு குறைவு. மேயும் ஆட்டுக்குப் பனி ஈரத்தோடு இருக்கும் புல்லின் நுனியிலிருந்தே புழுக்குஞ்சுகள் உள்ளே போகின்றன. அதனால் வெயில் ஏறிய பின் ஓட்டிச் செல்வதும், ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் கேட்டு மருந்து கொடுப்பதும் அவசியம். மறுபுறம், காற்றோட்டம் இல்லாமல் அடைத்துக் கட்டிய கொட்டகையில் மூத்திர நெடி தங்கிக் குட்டிகளுக்குச் சளியும் நுரையீரல் அழற்சியும் வரும். ஆட்டுக்கொல்லி நோயும் துள்ளுமாரியும் எந்த முறையையும் விட்டுவைப்பதில்லை. முன்னதற்குத் தடுப்பூசி ஒருமுறை போட்டால் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் காக்கும். பின்னதற்கு ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் போட வேண்டும்.

பலரும் யோசிக்காத வேறுபாடு ஒன்று இனப்பெருக்கத்தில் இருக்கிறது. மந்தையோடு கிடாவும் மேயும்போது சினைப்பருவத்துக்கு வந்த பெட்டையை அதுவே கண்டுகொள்ளும். கிடாவைத் தனியே கட்டும் பரணில், பதினெட்டிலிருந்து இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை வந்து ஓரிரு நாளில் அடங்கிவிடும் பருவத்தை வளர்ப்பவர்தான் கவனிக்க வேண்டும். தவறவிட்டால் ஏறக்குறைய மூன்று வாரத் தீவனம் வீண்.

இப்போது இனத்துக்கு வரலாம். நடந்து மேய்வதற்கு நெடுங்கால் கொண்ட கொடி ஆடும், முகத்தில் இரு கோடுகள் உள்ள கன்னி ஆடும் தென்மாவட்டங்களின் வறட்சியில் பழகியவை. கன்னி பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். சேலம், தருமபுரி, நாமக்கல் பக்கத்தில் இருப்பவருக்குச் சேலம் கருப்பு கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும்; நேர்த்திக்கடனுக்குக் கருங்கிடா தேடுபவர்களும் உண்டு. வடகேரளத்துத் தலைச்சேரி குட்டி எண்ணிக்கையிலும் பாலிலும் சிறந்தது. கட்டி வளர்ப்பதற்கும் ஒத்துவரும். தென்னாப்பிரிக்கப் போயரின் எடை உண்மைதான். ஆனால் தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்த அடர்தீவனமும் பசுந்தீவனமும் குறையாமல் கொடுத்தால்தான் அந்த எடை வரும்; காய்ந்த கரட்டில் மேயவிட்டால் வராது. தூய போயர்ப் பெட்டைகளை முதல் ஆண்டிலேயே வாங்குவது வேண்டாம் என்பதே என் கருத்து. நாட்டுப் பெட்டைகளைக் கொண்டு ஒரு வருடம் பழகிய பிறகு, விருப்பமிருந்தால் கலப்புக்கு ஒரு கிடா மட்டும் வாங்கிப் பார்க்கலாம்.

பெரும்பாலான புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இரண்டுக்கும் இடைப்பட்ட வழி: பகலில் நான்கைந்து மணிநேரம் மேய்ச்சல், மாலையில் பட்டியில் கொஞ்சம் குழையும் தவிடும், ஐந்து அல்லது ஆறு பெட்டைகள், உள்ளூர் இனம், ஓலைக் கொட்டகை. பாசன நிலம் இருந்து மேய்க்க ஆள் இல்லாதவருக்கு மட்டுமே தொடக்கத்திலிருந்தே பரண் பொருந்தும். அவரும் தீவனப் பயிர் முதல் அறுப்புக்கு வந்த பிறகே ஆடு வாங்க வேண்டும்.

வாங்கும் இடத்திலும் தேர்வு உண்டு. எட்டயபுரம் போன்ற சந்தையில் ஒரே நாளில் பல ஆடுகளைப் பார்த்து விலை பேசலாம். ஆனால் பல ஊர் ஆடுகள் கலக்குமிடத்தில் நோயும் கலக்கும், தாயின் ஈற்று வரலாறும் தெரியாது. வளர்ப்பவரின் பட்டியில் விலை சற்றுக் கூடினாலும் தாயையும் முந்தைய குட்டிகளையும் நேரில் பார்க்கலாம். பெட்டைகளுக்குப் பட்டியே மேல். வயதை அறிய வாயைத் திறந்து, பால்பல் விழுந்து முளைத்த நிலைப்பற்கள் இரண்டு அல்லது நான்கு இருப்பதைப் பார்த்து வாங்கி, மூன்று வாரம் தனியே கட்டி, தடுப்பூசி முடிந்த பின் மற்றவற்றோடு விட வேண்டும். கிடாவை மட்டும் பெட்டைகள் வாங்கிய பட்டியில் வாங்காமல் வேறிடத்தில் பார்ப்பது நல்லது. இல்லாவிட்டால் முதல் ஈற்றிலேயே உறவுக் கலப்பு நேர்ந்துவிடும்.