கைலி கட்டி ஓட்டும் 125: வேவ் வண்டியோடு 8 வருஷம்

என் ஹோண்டா வேவ் 125i மோட்டார் சைக்கிளின் மீட்டர் போன மாதம் 61,000 கிலோமீட்டரைத் தாண்டியது. 2016-ல் பர்மாவில், நான் இருக்கும் மோல்மீனில் புதுசாக எடுத்தேன், நம்பர் பிளேட்டோடு. 'வித்தவுட்' இல்லை. இங்கே பதிவு செய்யாத வண்டிக்கு பர்மாக்காரர்கள் சொல்லும் பெயர் அது, ஊரில் டிக்கெட் எடுக்காமல் ரயில் ஏறுவதற்குச் சொல்வோமே, அதே சொல்தான். எனக்கு முடோன், தன்பியூசயாட் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்குப் போய் ரப்பர் ஷீட் பார்த்து விலை பேசுகிற வேலை. பாதி தூரம் தார் ரோடு, மீதி செம்மண். ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டுகிற பகுதி என்பதால் ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தச் செம்மண்ணை ரோடு என்று சொல்வதே மரியாதைக்காகத்தான்.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் மச்சினன் மகன். பையனுக்கு முதல் சம்பளம் வந்துவிட்டது, வண்டி வாங்க வேண்டும். "மாமா, உங்க வண்டி எத்தனை வரைக்கும் போகும்?" என்றான். எத்தனை வரை போகும் என்பதை விட, எந்த வேகத்தில் அது சந்தோஷமாக ஓடும் என்று கேளுடா என்றேன். அவனுக்குப் புரியவில்லை. எனக்கும் முதல் இரண்டு வருஷம் புரியவில்லை.

அவன் மயங்கிக் கிடப்பது சுஸுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்150 மேல். நல்ல எஞ்சின், அதில் சந்தேகமே இல்லை. போர் 62 மி.மீ., ஸ்ட்ரோக் 48.8 மி.மீ., அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் அகலம் (போர்) அதிகம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் (ஸ்ட்ரோக்) குறைவு. அதனால் வேகமாகச் சுற்றலாம். 14 நியூட்டன் மீட்டர் இழுவை முழுசாக வருவது நிமிஷத்துக்கு 9,000 சுற்றில், முழு சக்தி 10,500-ல். சரி, மோல்மீன் ஸ்ட்ராண்ட் ரோட்டில் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் 9,000 சுற்றுக்கு எங்கே போவது? அந்த எஞ்சின் கேட்கிற ரோடு வேறு. நாம் நாள் முழுக்க இருப்பது 30, 40 கிலோமீட்டர் வேகத்தில், ஆக்ஸிலேட்டரைக் கால்வாசி திறந்தபடி. அந்தக் கால்வாசியில் எஞ்சின் எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் நான் குணம் என்கிறேன்.

வேவ் அதற்கு நேர் எதிர். போர் 52.4, ஸ்ட்ரோக் 57.9. கீழ்ச் சுற்றிலேயே இழுக்கும். பின்னால் 50 கிலோ மூட்டை இருந்தாலும் மூன்றாவது கியரில் 30-ல் போகும்போது முனகாது, குதிக்காது. ஆனால் ஸ்ட்ரோக் நீளமாக இருந்தாலே போதும் என்று நினைத்துவிட வேண்டாம். மச்சினன் ஓட்டுவது ஹோண்டா கிளிக் 125 ஸ்கூட்டர். அதற்கும் போர் 52.4, ஸ்ட்ரோக் 57.9 தான், மி.மீ. கூட மாறாது. இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள், அக்கா தங்கை என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். கிளிக்கில் கம்ப்ரஷன் அதிகம், தண்ணீரில் குளிரும் எஞ்சின், கியருக்குப் பதில் பெல்ட். திருகினால் எஞ்சின் சத்தம் முதலில் ஏறிவிடும், வண்டி பின்னாலேயே வந்து சேரும். டவுனில் அதைப் போல சுகம் கிடையாது. ஆனால் அதன் சக்கரம் 14 அங்குலம், வேவ் 17 அங்குலம். ரப்பர் தோட்டத்துக் குழியில் அந்த 3 அங்குலத்தை முதுகெலும்பு எண்ணிக்கொண்டே வரும்.

வேவில் கிளட்ச் லீவர் கிடையாது, கியர் உண்டு, காலால் மாற்ற வேண்டும். 1958-ல் வந்த சூப்பர் கப் வண்டியிலிருந்து வருகிற ஏற்பாடு அது. நூடுல்ஸ் கடைப் பையன் ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டும் என்பதற்காகச் செய்தார்கள் என்று சொல்வார்கள். 2017-க்குள் 10 கோடி வண்டி விற்ற குடும்பம். பலரும் இதை 'பாதி ஆட்டோமேட்டிக்' என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள், அதில் ஒரு விளையாட்டு இருப்பது தெரியாமலே பத்து வருஷம் ஓட்டுகிறவர்களும் உண்டு. கியர் பெடலை அழுத்தி, விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டால் கிளட்ச் பிரிந்தே இருக்கும். கியாய்த்தான்லான் பகோடா மேட்டிலிருந்து இறங்கும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு வர வேண்டும் என்று வையுங்கள். குதிகாலால் பெடலை அழுத்திப் பிடித்து, ஆக்ஸிலேட்டரை ஒரு துளி திருகி, எஞ்சின் சத்தம் சரியான இடத்துக்கு ஏறியதும் குதிகாலை மெதுவாக எடுக்க வேண்டும். தலை முன்னால் ஆடாது, செயின் 'டக்'கென்று அடிக்காது, இரண்டாவது கியர் வண்டியைக் கையால் பிடித்த மாதிரி இறக்கிக் கொண்டுபோகும். காதும் காலும் சேர்ந்து செய்கிற வேலை. சரியாக அமைந்த நாளில் எனக்கே ஒரு சின்ன கர்வம் வரும். கிளிக்கில் இது கிடையாது, வேகம் ரொம்பக் குறைந்தால் எஞ்சின் பிடி விட்டுப் போகும், அப்புறம் பிரேக்தான் கதி.

அப்பா வைத்திருந்தது ஒரு சீன 125. தாய்லாந்து எல்லையில் இருக்கும் மியாவடிக்குப் போகும் பழைய டவ்னா மலைப் பாதையில் அதன் பின்சீட்டில் போயிருக்கிறேன். 2015-ல் புது ரோடு திறக்கும் வரை அங்கே வாகனங்கள் ஒரு நாள் ஏறும், மறுநாள் இறங்கும், அவ்வளவு குறுகல். அந்த எஞ்சின் ஏறியது, ஏறவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 4,000 சுற்றுக்கு மேல் கைப்பிடி நடுங்குகிற நடுக்கத்தில் அப்பாவின் விரல் மரத்துப் போகும், நிறுத்தி நிறுத்திக் கையை உதறுவார். தாளில் எழுதும் குதிரைத்திறனில் அந்தக் கணக்கு வராது.

இன்னொன்று, கைலி. இங்கே பாதிப்பேர் கைலி கட்டித்தான் ஓட்டுகிறோம். அந்த ஜிஎஸ்எக்ஸ்-ஆர் மாதிரி டேங்க் முன்னால் நிற்கிற வண்டியில் கைலியோடு கால் தூக்கிப் போடுவது எப்படி என்பதை மருமகன் யோசிக்கவே இல்லை. பேன்ட் போடுகிற வயசு, விடுங்கள்.

செலவுக் கணக்கு சுருக்கமாக. செயின், ஸ்பிராக்கெட் இதுவரை மூன்று செட், அதில் ஒன்று என் சோம்பேறித்தனத்தால், மழையில் ஓட்டிவிட்டு எண்ணெய் விடாமல் போட்டு வைத்தேன். 48,000-ல் உள் கிளட்ச் ஷூ தேய்ந்தது, கிளம்பும்போது சத்தம் மட்டும் ஏறும், வண்டி யோசித்துக் கிளம்பும். ஒரு முறை வழியில் ஒரு கடையில் மலிவாகக் கிடைத்த எஞ்சின் ஆயிலை ஊற்றினேன். 500 கிலோமீட்டரிலேயே கியர் விழ அடம் பிடித்தது, வடித்தால் தேத்தண்ணி மாதிரி ஓடியது. இந்த எஞ்சினில் கிளட்சும் கியரும் அதே ஆயிலில்தான் குளிக்கின்றன, அங்கே காசு மிச்சம் பிடிக்காதீர்கள். மைலேஜ் எனக்கு லிட்டருக்கு 52 முதல் 55, மூட்டையோடு 48. ரோட்டோரம் தண்ணீர் பாட்டிலில் விற்கிற பெட்ரோல் என்றால் அதிலும் குறையும்.

பிடிக்காததும் உண்டு. 80-க்கு மேல் இந்த எஞ்சினுக்கு ஆசையே கிடையாது. திருகினால் சத்தம்தான் கூடும். 2005-ல் திறந்த தான்லுவின் பாலத்தில் பக்கக் காற்று அடிக்கும்போது இவ்வளவு லேசான வண்டி கொஞ்சம் நெளியும், லாரி ஒன்று கடந்தால் கண்ணை மூடி முருகா என்று சொல்லத் தோன்றும், மூடக் கூடாது. தாட்டோன் வரை 70 கிலோமீட்டர், திரும்பி வந்து சேர்வதற்குள் இடுப்பு தனியாக வந்துவிடும். தினமும் நெடுஞ்சாலையில் ஓடுகிறவர்கள் இதை வாங்க வேண்டாம், அவர்களுக்கு ஒரு 150 தான் சரி. இரங்கூனில் இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சே வேண்டாம், நகரத்துக்குள் 2003 முதல் மோட்டார் சைக்கிளுக்குத் தடை.

பையனிடம் வாயால் சொல்லிப் பயனில்லை என்று சாவியைக் கொடுத்து, பின்னால் ஒரு அரிசி மூட்டையையும் கட்டி, முடோன் வரை போய் வா என்றேன். சாயங்காலம் தேத்தண்ணிக் கடையில் வந்து உட்கார்ந்தான். "மூணாவதுலயே எல்லாம் ஏறுது மாமா" என்றான். அந்தக் குதிகால் வித்தை இன்னும் வரவில்லையாம், நாலைந்து தடவை தலை ஆடியதாம், நாளைக்கும் ஒரு தடவை பார்க்கிறேன் என்றான். இது நடந்து ஆறு நாள் ஆகிறது. அவன் இன்னும் வண்டி வாங்கவில்லை, என் வண்டியைத் திருப்பித் தரவும் இல்லை. நான் கேரிக்காரர், அதாவது வாடகைக்கு மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றுபவர், பின்னால் உட்கார்ந்து தோட்டத்துக்குப் போய்வருகிறேன், அவர் ஓட்டுவதும் வேவ் தான், செயினுக்கு எண்ணெய் விட்டு மாசக்கணக்காகியிருக்கும் போல, சத்தத்திலேயே தெரிகிறது.