எம்.சி.ஆர். செருப்பும் என் குதிகாலும்: 14 மாதம் கழித்து

குதிகால் வலிக்காக 14 மாதம் முன்பு வாங்கிய என் எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்ற மெத்தென்ற ரப்பர் அடி வைத்த) செருப்பின் வார் நேற்று மூன்றாவது முறையாகப் பிடுங்கிக்கொண்டது. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, செருப்புத் தைப்பவர் உட்காரும் இடம் வரை ஒரு காலில் செருப்பில்லாமல் நடந்தேன். அவர் கிளம்பிப் போய்விட்டிருந்தார். இன்று காலை கட்டிலை விட்டு இறங்கியதும் இடது குதிகாலில் ஆணி அடித்தது போல அந்தப் பழைய வலி. இன்றைக்கென்று பார்த்து, பக்கத்து வகுப்பு டீச்சர் "அக்கா, எனக்கும் காலையில குதிகால் வலிக்குது, உங்க செருப்பு மாதிரியே வாங்கட்டுமா?" என்று கேட்டார்.

முதலில் அது எந்த வலி என்று பார்க்க வேண்டும். காலையில் முதல் பத்து அடி உயிர் போகும். நடக்க நடக்கக் குறையும். வெகுநேரம் உட்கார்ந்து எழுந்தால் திரும்ப வரும். குதிகாலின் அடியில், உட்பக்க முன்னோரத்தை அழுத்தினால் சுளீர் என்று இருக்கும். இப்படியென்றால் பெரும்பாலும் பிளாண்டார் ஃபேசியைட்டிஸ்தான். குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை ஓடும் தடித்த நார்ப்பட்டை நொந்துபோயிருக்கிறது. மரத்துப்போனாலோ, வீங்கினாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள். எக்ஸ்ரேயில் எலும்பு முள்ளைப் பார்த்து நான் பயந்தேன். முள் இருந்தும் வலியே இல்லாதவர்கள் நிறையப் பேர் என்றார் டாக்டர்.

செருப்பை வெளியே மட்டும் போட்டபோது ஓரளவுதான் பலன். இன்னொரு ஜோடி வாங்கி வீட்டுக்குள் போட ஆரம்பித்த பிறகுதான் பெரிய மாற்றம். எங்கள் வீடு முழுக்கக் கிரானைட் தரை. வெயிலுக்குச் சில்லென்று இருக்கும், குதிகாலுக்குப் பாறை. வீட்டுக்குள் செருப்பா என்று மாமியார் முகம் சுளித்தார். காலையில் ஒரு மணி நேரம் நின்று தோசை ஊற்றுகிறேன் அத்தை, கால் தாங்கவில்லை என்றேன். பூஜை அறைக்குள் மட்டும் போடக்கூடாது என்று ஒத்துக்கொண்டார். இப்போது அவரிடமும் ஒரு ஜோடி இருக்கிறது.

செருப்பு மட்டுமே குணப்படுத்தியது என்று சொல்ல மாட்டேன். எழுவதற்கு முன் கால்விரல்களைக் கையால் முழங்கால் பக்கம் இழுத்துப் பத்து எண்ணும் வரை பிடிப்பேன், பத்து முறை. அப்புறம் சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டுவது. சாயங்காலம் ஐஸ் கட்டிய தண்ணீர் பாட்டிலைப் பாதத்துக்கு அடியில் உருட்டுவது. பலன் தெரிய மூன்று மாதம் ஆனது. பலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும்.

சரி, வார் விஷயத்துக்கு வருகிறேன். சர்க்கரை நோயிலும் தொழுநோயிலும் உணர்விழந்த பாதங்களைக் காப்பாற்றக் கொடுக்கும் ரப்பர் இது. 14 மாதம் ஆகியும் குதிகால் பக்கம் பள்ளம் விழவில்லை. அவ்வளவு நல்ல அடியில் வாரை வெறும் பசையால் ஒட்டி விற்கிறார்கள். எனக்கு வலியோடு போயிற்று. உணர்வில்லாத காலோடு ஒருவர் பாதி வழியில் வெறுங்காலில் நடந்தால் கல் குத்தியதுகூடத் தெரியாதே! கடையில் சொன்னதற்கு, பார்த்து நடங்கள் என்றார்கள்.

டீச்சரிடம் இதை வாங்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். எம்.சி.ஆர். அடியே வேண்டும், ஆனால் வார் தையல் போட்டதாக இருக்க வேண்டும். சாயங்காலம் இரண்டு பேரும் வேறு கடைக்குப் போய், வாரை நன்றாக இழுத்துப் பார்த்து வாங்கப் போகிறோம்.