ஸ்டேட் ரீஃபண்டுக்கு வரி கட்ட வைத்தார்: டாக்ஸ் ஃபைல் செய்யுமுன் இதைப் படியுங்கள்

நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் நம்மவர் ஒருவரிடம் இரண்டு வருடமாக டாக்ஸ் ஃபைல் செய்தோம். பெயர் வேண்டாம். கட்டணம் 250 டாலர். "1099-ஜி ஒண்ணு இருக்கு தம்பி, அதுக்கு ஒரு 50" என்று தனியாகவும் வாங்கிக்கொண்டார். ஸ்டேட் ரீஃபண்டைக் காட்டும் அந்த 1099-ஜி படிவத்தால்தான் எங்களுக்கு 726 டாலர் போனது.

சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்த வரியை நியூ ஜெர்சி திருப்பித் தந்தால், அந்தத் தொகை 1099-ஜி-யின் 2-ஆம் கட்டத்தில் இருக்கும். எங்களுக்கு 2023-இல் 1,460 டாலர் வந்தது, 2024-இல் 1,840. இரண்டையும் அவர் ஃபெடரல் (மத்திய அரசு) ரிட்டர்னில், ஷெட்யூல் 1-இன் முதல் லைனில், வருமானமாகவே போட்டுவிட்டார். நாங்கள் 22 சதவீத வரி அடுக்கில் இருக்கிறோம். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் பிப்ரவரியில் பழைய ரிட்டர்ன்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தபோது, என் மனைவிதான் அந்த லைனில் விரல் வைத்தாள். "நம்ம பணத்தை நமக்கே திருப்பிக் குடுத்தா அது எப்படிங்க வருமானம்?"

சரியான கேள்வி. முந்தைய வருட ஃபெடரல் ரிட்டர்னில் ஸ்டேட் வரியைக் கழித்துக் காட்டி, அதனால் நமக்கு வரி குறைந்திருந்தால் மட்டுமே, திரும்பி வந்த பணம் வருமானம் ஆகும். 1,460 வந்தது 2022-ஆம் வருட வரிக்காக; அப்போது நாங்கள் வாடகை வீட்டில் இருந்தோம். அந்த வருட ஃபெடரல் ரிட்டர்னான 1040 படிவத்தின் 12-ஆம் லைனில் 25,900 என்று, பட்டியல் போடாமலே கிடைக்கும் மொத்தக் கழிவான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் தெளிவாக இருக்கிறது. ஸ்டேட் வரியை நாங்கள் கழிக்கவே இல்லை. அப்படியென்றால் அந்த 1,460-க்கு ஒரு காசு வரி கிடையாது.

1,840 வந்தது 2023-ஆம் வருட வரிக்காக, அந்தக் கதை கொஞ்சம் வேறு. வீடு வாங்கியதால் ஐடமைஸ் செய்தோம், அதாவது கழிவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிட்டோம். "ஐடமைஸ் பண்ணினா ரீஃபண்டுக்கு டாக்ஸ் உண்டு தம்பி" என்று அடித்துச் சொன்னார். அதுவும் தவறு. வீட்டு வரி 9,200, ஸ்டேட் வரி 6,900, மொத்தம் 16,100. ஆனால் அந்த வருடம் சால்ட் உச்சவரம்பு, அதாவது ஸ்டேட் வரி, வீட்டு வரி இரண்டும் சேர்த்துக் கழிக்கக்கூடிய அதிகபட்சத் தொகை, 10,000. கழிவுகளைப் பட்டியலிடும் ஷெட்யூல் ஏ-யில் 5டி லைனில் 16,100, அடுத்த 5இ லைனில் 10,000. ரீஃபண்ட் 1,840-ஐக் கழித்தாலும் மிச்சம் 14,260, அப்போதும் உச்சவரம்பைத் தாண்டித்தான் நிற்கிறது. அந்த 1,840-ஆல் எங்களுக்கு எந்த லாபமும் இல்லை, அதனால் வரியும் இல்லை. மத்திய வரித்துறையான ஐ.ஆர்.எஸ். 2019-இலேயே இதை உதாரணங்களோடு விளக்கியிருக்கிறது. 1040 கையேட்டில் இதற்கென்றே ஒரு ஒர்க்‌ஷீட்டும் உண்டு.

போன் செய்து கேட்டேன். "சாஃப்ட்வேர் அப்படித்தான் எடுத்துச்சு" என்றார். முந்தைய வருட ரிட்டர்னை அவர் என்னிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அதைப் பார்க்காமல் எந்த சாஃப்ட்வேராலும் இதைச் சரியாகச் சொல்ல முடியாது. திருத்தி ஃபைல் செய்ய இன்னும் 150 டாலர் கேட்டார். அப்புறம்தான் இன்னொன்றைக் கவனித்தேன்: ரிட்டர்னின் இரண்டாம் பக்கத்தில், காசு வாங்கித் தயாரித்தவர் கையெழுத்துப் போட வேண்டிய கட்டம் இரண்டு வருடமும் காலி. பணம் வாங்கி ரிட்டர்ன் தயாரிக்கும் எவரும் தன் பி-டின் (வரி தயாரிப்பாளர் அடையாள) எண்ணைப் போட்டுக் கையெழுத்திட வேண்டும் என்பது சட்டம். காலியாக விட்டால், நாமே தயாரித்தது போல ஆகிவிடும். எனக்கு வயிற்றைக் கலக்கியது பணம் போனதைவிட இதுதான்.

திருத்தப் படிவமான 1040-எக்ஸ் இரண்டையும் நானே நிரப்பி அனுப்பிவிட்டேன். ஃபைல் செய்ததிலிருந்து மூன்று வருடம் வரை திருத்தலாம், உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் தள்ளிப் போடாதீர்கள். அவர் மீது 14157 படிவத்தில் புகாரும் கொடுத்திருக்கிறேன்.

வீடு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். 2025-க்கு சால்ட் உச்சவரம்பு 40,000. எங்கள் 16,100-ஐ இனி முழுவதுமாகக் கழிக்கலாம். அதனால் 2025-க்காக 2026-இல் கைக்கு வரும் ஸ்டேட் ரீஃபண்ட் உண்மையிலேயே வருமானம், 2026 ரிட்டர்னில் காட்டியாக வேண்டும். காட்டாமல் விட்டால் ஐ.ஆர்.எஸ். கடிதம் வரலாம், 1099-ஜி விவரம் அவர்களிடமும் இருக்கிறது. எங்கள் 2025 ஷெட்யூல் ஏ-யை இப்போதே ஒரு நகல் எடுத்து, அடுத்த வருடக் கோப்பில் முதல் தாளாக வைத்திருக்கிறேன்.