எக்ஸ்பல்ஸா, வி-ஸ்ட்ரோமா, ஹிமாலயனா? சக்கரத்தைப் பார்த்து முடிவெடுத்த கதை

வாரநாளில் திருப்பூரிலிருந்து கோவைக்கு வேலைக்கு, லீவு கிடைத்தால் வால்பாறையோ கொல்லிமலையோ, நடுவில் எங்காவது மண்சாலை. இது மூன்றுக்கும் ஒரே பைக் என்று தேட ஆரம்பித்தால், ரொம்பப் பெரிய பட்ஜெட் இல்லாதவர்கள் கடைசியில் வந்து நிற்பது மூன்று பெயர்களில்தான். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி, சுசூகி வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ், ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450. நான் எடுத்தது வி-ஸ்ட்ரோம். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே தெரிந்துவிட்டது, அதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகத் தாண்டிவிடலாம். எக்ஸ்பல்ஸ் 199.6 சிசி, சுமார் 19 பிஎஸ் (இன்ஜின் சக்தி), ஐந்து கியர், எடை 160 கிலோ பக்கம். வி-ஸ்ட்ரோம் 249 சிசி, 26.5 பிஎஸ், ஆறு கியர், 167 கிலோ. ஹிமாலயன் 452 சிசி, 40 பிஎஸ், 196 கிலோ. மண்ணில் எக்ஸ்பல்ஸ் ராஜா, நெடுஞ்சாலையில் ஹிமாலயன் ராஜா, இதில் யாருக்கும் சண்டை இல்லை. எக்ஸ்பல்ஸை பைபாஸில் 90க்கு மேல் தொடர்ந்து ஓட்டினால் இன்ஜின் மூச்சு வாங்குவது காலிலும் கையிலும் தெரியும். வி-ஸ்ட்ரோம் 100-ல் சாதாரணமாகப் போகும். சீட் உயரம் மூன்றுக்கும் 825, 835 மில்லிமீட்டர் என்று கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் அதே உயரத்தில் 196 கிலோவை சிக்னலில் நுனிக்காலில் பிடித்து நிற்பது வேறு அனுபவம். விலையும் சேர்ந்துகொண்டது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாறியபோது 350 சிசி வரைக்கும் 18 சதவீதமாக இறங்கியது, அதற்கு மேல் 40 ஆக ஏறியது. ஹிமாலயனுக்கும் மற்ற இரண்டுக்கும் ஏற்கெனவே இருந்த இடைவெளி இன்னும் அகலமாகிவிட்டது.

சரி, என்னை முடிவெடுக்க வைத்த விஷயத்துக்கு வருகிறேன். பஞ்சர்.

இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் இந்த வகை வண்டிகளில் சக்கரம்தான் அடிப்படை வித்தியாசம். எக்ஸ்பல்ஸில் முன்னால் 21 இன்ச், பின்னால் 18 இன்ச், இரண்டும் ஸ்போக். சாதாரண ஸ்போக் ரிம்மில் கம்பிகளின் நிப்பிள் நுழைய ஓட்டைகள் இருக்கும், அதன் வழியே காற்று போய்விடும் என்பதால் உள்ளே டியூப் கட்டாயம். வி-ஸ்ட்ரோமில் முன்னால் 19, பின்னால் 17, கம்பிகள் இல்லாமல் ஒரே வார்ப்பாக வரும் அலாய் சக்கரம், உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர். ஆணி ஏறினால் டியூப்லெஸ் டயர் பெரும்பாலும் அந்த ஆணியையே அடைப்பாக வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் காற்றை விடும். டியூப் அப்படி இல்லை, கிழிந்தால் கிழிந்ததுதான், அதுவும் முன்சக்கரமாக இருந்தால் ஹேண்டில் கையில் நிற்காது.

அதன்பிறகு சரிசெய்யும் வேலை. டியூப்லெஸ் என்றால் ஆணியைப் பிடுங்கி, ஓட்டையைத் துருவி, பசை தடவிய பட்டையைத் திணித்து, பேட்டரியில் மாட்டும் குட்டி பம்பில் காற்றடித்தால் கிளம்பிவிடலாம். சக்கரத்தைக் கழற்றவே தேவையில்லை. டியூப் என்றால் வண்டியை ஏதாவது கல்லின் மேல் முட்டுக்கொடுத்து நிறுத்தி, ஆக்ஸிலை உருவி, லீவர் போட்டு டயரை நெம்பி, நெம்பும்போதே புது டியூபைக் கடித்துவிடாமல் உள்ளே தள்ளி... பழகியவர்களுக்கே வியர்க்கும். பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போகலாம் என்றால், சின்ன ஊர்க் கடைகளில் 17, 18 இன்ச் டியூப் தொங்கும், 21 இன்ச் கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஆகவே அதையும் பையில் சுமக்க வேண்டும்.

ஸ்போக் வண்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் திம்பம் மலைப்பாதையில், 27 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறியபிறகு, இருட்டும் நேரத்தில் முன்சக்கரத்தில் பஞ்சராகி நின்றார். அது புலிகள் காப்பகம், யானை நடமாட்டம் உள்ள பாதை, ராத்திரியில் போக்குவரத்துத் தடை வேறு. உட்கார்ந்து சக்கரம் கழற்றுகிற இடமா அது? ஒரு பிக்கப் வேன்காரர் ஏற்றிக்கொண்டதால் தப்பித்தார். நான் புக்கிங் போடுவதற்குக் கொஞ்சநாள் முன்பு நடந்தது இது. முடிவில் இதற்குப் பங்கே இல்லை என்று சொல்லமாட்டேன்.

மறுபக்கமும் உண்டு. அலாய் நெளிந்துகொடுக்காது, அடி பலமாக விழுந்தால் விரிசல் விடும் அல்லது விளிம்பு நசுங்கும். ஸ்போக் கொஞ்சம் நெளிந்து அடியை வாங்கிக்கொள்ளும், ஊரில் கோட்டம் எடுக்கிற பழைய மெக்கானிக் ஒருவர் இருந்தால் போதும், சரியாகிவிடும். கல்லும் பாறையுமான இடத்தில் தொடர்ந்து ஓட்டுகிறவருக்கு அதுதான் சரி. வி-ஸ்ட்ரோமின் சஸ்பென்ஷனும் எக்ஸ்பல்ஸ் அளவுக்கு ஏறி இறங்காது, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸை அணைக்கவும் வழியில்லை, சரளைக்கல் இறக்கத்தில் பின்பிரேக் பிடித்தால் எரிச்சல் வரும்.

ஆனால் நம் பக்கத்தில் 'ஆஃப்ரோடு' என்பது உண்மையில் என்ன? காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் வண்டியை விட முடியாது, விடவும் கூடாது. மிச்சமிருப்பது எஸ்டேட் சாலை, ஏரிக்கரை, தோட்டத்துத் தடம், தார் பெயர்ந்த மலைக்கிராமப் பாதை. இதற்கெல்லாம் வி-ஸ்ட்ரோமின் 205 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி) தாராளம், 19 இன்ச் சக்கரமும் போதும். நூற்றில் தொண்ணூறு பங்கு தார் ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு மிச்சப் பத்துக்காக டியூபைச் சுமப்பது எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

ஹிமாலயனைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அதில் இப்போது டியூப்லெஸ் ஸ்போக் சக்கரமே ஆப்ஷனாகக் கிடைக்கிறது. ஆக, என் முக்கியமான வாதம் அந்த வண்டியிடம் செல்லாது. அங்கே என்னைத் தடுத்தது விலையும் எடையும் மட்டும்தான். டெஸ்ட் ரைடு மட்டுமே போனேன் என்பதால் நீண்ட நாள் பராமரிப்பு பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. லடாக், ஸ்பிட்டி பக்கமும் நான் போனதில்லை, அங்கே போகும் திட்டத்தோடு வாங்குகிறவர் போய் வந்தவர்களைக் கேட்பது நல்லது. 17 லிட்டர் டேங்க் அங்கே பெரிய வரம் என்று மட்டும் ஊகிக்க முடிகிறது, வி-ஸ்ட்ரோமில் 12தான்.

சர்வீஸில் வி-ஸ்ட்ரோமுக்கு ஒரு வசதி: ஜிக்ஸர் 250-ல் இருக்கும் அதே இன்ஜின், ஆயில் கூலிங், ரேடியேட்டர் இல்லை. மறுவிற்பனையில் ராயல் என்ஃபீல்டுக்குத்தான் நம் ஊரில் கிராக்கி, அதில் சந்தேகம் வேண்டாம்.

எக்ஸ்பல்ஸ் யாருக்கு என்றால், தினசரி ஓட்டம் ஊருக்குள்ளேயே முடிந்து, ஞாயிற்றுக்கிழமை மண்ணில் விழுந்து எழுந்து கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவருக்கு. மூன்றில் விலை குறைவானதும் அதுதான். 2025 ஜனவரியில் காட்டிய எக்ஸ்பல்ஸ் 210-ல் லிக்விட் கூலிங்கும் ஆறாவது கியரும் வந்துவிட்டன, பைபாஸ் குறை கொஞ்சம் தீர்ந்திருக்க வேண்டும், நான் ஓட்டிப் பார்க்கவில்லை. எடுக்கிறவர்கள் இரண்டு லீவர், ஒரு 21 இன்ச் டியூப், ஆக்ஸில் நட்டுக்கான ஸ்பேனர் மூன்றையும் முதல் சர்வீஸுக்கு முன்பே வாங்கி, வீட்டு வாசலில் ஒருமுறை கழற்றி மாட்டிப் பழகிவிடுங்கள்.