ஆங்கிலத்தில் பாட்டு பற்றிப் பேசிப் பழகிய இரண்டரை வருடம்: என் அனுபவம்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஜிஎஸ்எம், லேப் டிப், ஷ்ரிங்கேஜ், ஷிப்மென்ட் தேதி என்று வேலை சம்பந்தமாக எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில் தடையில்லாமல் பதில் சொல்லிவிடுவேன். 2023 ஜூலையில் வெளிநாட்டு பையர் குழு ஒன்று வந்திருந்தது. இரவுச் சாப்பாட்டின்போது எதிரில் இருந்த பெண்மணி, "வாட் கைண்ட் ஆஃப் மியூசிக் ஆர் யூ இன்டு?" என்று கேட்டார். "மெலடி சாங்ஸ்" என்றேன். நான் மேலே ஏதாவது சொல்வேன் என்று அவர் காத்திருந்தார். எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அது ரொம்ப நாள் மனதை அரித்தது. பாட்டு இல்லாமல் எனக்கு ஒரு நாளும் கழியாது. அவிநாசியிலிருந்து திருப்பூருக்கு இத்தனை வருடமாகத் தனியார் பஸ்ஸில் போகிறேன். எந்த பஸ்ஸில் எந்தக் காலத்துப் பாட்டு ஓடும் என்பது எனக்கு மனப்பாடம். அதைப் பற்றி இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் சொல்ல முடியவில்லையே என்று இருந்தது. அடுத்த மாதமே பயிற்சியைத் தொடங்கினேன். இப்போது இரண்டரை வருடம் ஆகிறது. எது உதவியது, எது உதவவில்லை என்பதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். 'மியூசிக்' என்ற தலைப்புக்கு அச்சடித்த பதில் ஒன்றைக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னார்கள். இசை மன அழுத்தத்தைக் குறைக்கும், இசை உலகப் பொதுமொழி என்று நல்ல நல்ல வாக்கியங்கள். ஒன்றுகூட என் வாழ்க்கையில் நடந்ததில்லை. ஒரு மாதத்தில் நின்றுவிட்டேன். ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். அந்தத் தேர்வின் பேச்சுப் பகுதி மொத்தமே 11 முதல் 14 நிமிடம். ஒப்பிக்கிற பதிலைக் கண்டுபிடிக்கத் தேர்வு நடத்துகிறவர்களுக்குப் பயிற்சி உண்டு. குறுக்கே ஒரு கேள்வி கேட்டால் போதும், மனப்பாடம் கலைந்துவிடும்.

அந்தத் தேர்விலிருந்து ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதன் இரண்டாம் பகுதியில் ஒரு அட்டை கொடுப்பார்கள். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு இரண்டு நிமிடம் வரை பேச வேண்டும். தினமும் இரவு மொட்டை மாடிக்குப் போய், அன்று கேட்ட ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, ஒரு நிமிடம் யோசித்து, இரண்டு நிமிடம் போன் ரெக்கார்டரில் பேசுவேன். பேசி முடித்ததும் ஒரு முறை கேட்பேன். திக்கிய இடத்தை நோட்டில் எழுதுவேன். ஒரு பைசா செலவில்லை. நடுவில் விட்டுப்போன நாட்கள் நிறைய. இருந்தும் நானூறு பதிவுக்கு மேல் சேர்ந்திருக்கிறது.

முதல் மாதப் பதிவுகளைக் கேட்டபோது ஒரே மாதிரித் தவறு திரும்பத் திரும்ப வந்தது. "ஐ வில் லிசன் சாங்ஸ் இன் த பஸ்" என்று சொல்லியிருந்தேன். பஸ்ஸில் பாட்டு கேட்பேன் என்பதுதான் நான் சொல்ல நினைத்தது. தமிழில் வழக்கமாகச் செய்கிற காரியத்துக்கும் 'கேட்பேன்', நாளைக்குச் செய்யப் போவதற்கும் 'கேட்பேன்'. நாம் இரண்டுக்கும் 'வில்' போட்டுவிடுகிறோம். கேட்கிற வெளிநாட்டுக்காரருக்கு, இனிமேல்தான் பாட்டு கேட்கப் போகிறேன் என்று சொல்வது போல இருக்கும். வழக்கத்துக்கு வெறும் 'ஐ லிசன்' போதும். 'சின்ன வயசில் கேட்பேன்' என்றால் 'ஐ யூஸ்ட் டு லிசன்'. இந்த ஒன்று நாக்கில் படிய எனக்கு நாலு மாதம் பிடித்தது. பேசுவதில் தெரிந்த முதல் பெரிய மாற்றமும் இதுதான்.

அடுத்தது 'ஹியர்', 'லிசன்' குழப்பம். 'ஐ ஹியர் சாங்ஸ் டெய்லி' என்று நம்மில் பாதிப்பேர் சொல்கிறோம். இந்த வித்தியாசத்தை ஆங்கில இலக்கணப் புத்தகத்தில் படித்தபோது எனக்குப் பதியவில்லை. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது தமிழ் வழியாகவே பிடிபட்டது. 'நான் பாட்டு கேட்கிறேன்' என்றால் லிசன். 'எனக்குப் பாட்டு கேட்குது' என்றால் ஹியர். 'நான்' வந்தால் லிசன், 'எனக்கு' வந்தால் ஹியர். அன்றிலிருந்து தப்பவே இல்லை. லிசனுக்குப் பின்னால் வருகிற 'டு' மட்டும் இன்னும் சில நேரம் விட்டுப்போகிறது. தமிழில் பாட்டை நேரடியாகக் கேட்டுவிடுகிறோம், நடுவில் ஒரு சொல் தேவைப்படுவதில்லை. அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இதைவிடக் கஷ்டமாக இருந்தவை, ஆங்கிலம் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிற நம்மூர் வார்த்தைகள். மெலடி என்றால் நமக்கு மெதுவான, மென்மையான பாட்டு. ஆங்கிலத்தில் எந்தப் பாட்டுக்கும் ஒரு மெலடி இருக்கும், குத்துப்பாட்டுக்கும் உண்டு, ஏனென்றால் அதன் பொருள் மெட்டு. அன்று சாப்பாட்டு மேசையில் நான் 'மெட்டுள்ள பாட்டுகள் பிடிக்கும்' என்றுதான் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண்மணியால் அதற்கு மேல் என்ன கேட்க முடியும்? இப்போது 'ஸ்லோ, சாஃப்ட் சாங்ஸ்' என்கிறேன். பிஜிஎம் என்பதும் அப்படித்தான். அதை விரித்து 'பேக்ரவுண்ட் மியூசிக்' என்றால், ஓட்டலிலும் கடையிலும் மெல்லிசாக ஓடுகிற பாட்டு என்றும் எடுத்துக்கொள்வார்கள். 'ஃபிலிம் ஸ்கோர்' என்றால் குழப்பமில்லை. 'மியூசிக் டைரக்டர்' என்பது அங்கே பெரும்பாலும் ஒரு ஆர்க்கெஸ்ட்ராவுக்குத் தலைமை ஏற்று நடத்துபவர். இளையராஜாவைச் சொல்ல 'கம்போசர்' என்பதே சரி. 'ஆல்பம் சாங்' என்றால் நமக்குப் படத்தில் வராத பாட்டு, அவர்களுக்கு அந்த அர்த்தமே கிடையாது. நடிகர் வாயசைக்க வேறொருவர் பாடுகிறார் என்பதையும் ஒரு தடவையாவது விளக்க வேண்டும். நமக்குப் பிறந்ததிலிருந்து பழகிய விஷயம் அது. புதிதாகக் கேட்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

உச்சரிப்புக்கு மதிப்பெண் போடுகிற ஒரு செயலியை ஆறு மாதம் பயன்படுத்தினேன். தனித்தனி வார்த்தைகளுக்குப் பரவாயில்லை. பாட்டு பற்றிப் பேச அது உதவவில்லை. 'பல்லவி', 'நாதஸ்வரம்' என்று சொன்ன ஒவ்வொரு முறையும் தவறு என்று சிவப்புக் கோடு போட்டது. நம் இசையைப் பேசுவதற்கு நம் சொற்கள் வேண்டும். சொல்லிவிட்டு ஒரு வரியில் விளக்கினால் கேட்பவர்கள் சந்தோஷமாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

எனக்கு மிகவும் பலன் தந்தது, வாரம் ஒரு நாள் ஒருவரோடு பேசியதுதான். அவர் வியட்நாமில் ஹோ சி மின் நகரில் இருக்கிறார், அவரும் ஆங்கிலம் பழகுகிறவர். நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிற ஊர் என்பதால் ஞாயிறு இரவு எட்டரைக்கு நான் கூப்பிட்டால் அங்கே பத்து மணி. அவருடைய அப்பா ஓயாமல் கேட்கிற, பொலேரோ என்கிற மெதுவான, உருக்கமான பாட்டுகளைப் பற்றி அவர் சொல்வார். என் அப்பா காசெட் கடையில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, டிடிகே 60 காசெட்டில் பதிந்து வாங்கி வந்ததை நான் சொல்வேன். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம்தான். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடும். இன்றைக்கும் அந்தப் பாட்டை எங்கே கேட்டாலும் அந்த இடம் வரும்போது மனம் தானாக நின்றுவிடுகிறது. இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "சேம் ஹியர்" என்றார். அன்று முப்பத்தைந்து நிமிடம் பேசினோம். எந்த வகை இசை பிடிக்கும் என்று ஆரம்பித்தால் எனக்கு இரண்டு வரியில் பேச்சு தீர்ந்துவிடும். எங்கே, எப்போது, யாரோடு கேட்டோம் என்று தொடங்கினால் வார்த்தை தானாக வருகிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் நாளே இப்படிச் செய்யலாம்.

போன வருடம் அதே பெண்மணி மறுபடி வந்தார். கோவை விமான நிலையத்திலிருந்து நான்தான் அழைத்து வந்தேன். கருமத்தம்பட்டி தாண்டும்போது டிரைவர் அண்ணன், "பாட்டு போடட்டுங்களா?" என்றார். எண்பதுகளில் வந்த இளையராஜா பாட்டு ஒன்று ஓடியது. "வாட்ஸ் திஸ் ஒன் அபௌட்?" என்று கேட்டார். வரிகளை மொழிபெயர்க்கப் போகவில்லை. அதைப் பலமுறை முயன்று பார்த்திருக்கிறேன், ஒரு நல்ல வரியும் பிழைக்காது. அதற்குப் பதில், "இப்போது பல்லவி முடியும், பாடுகிறவர் நிறுத்துவார், புல்லாங்குழல் மட்டும் வரும், அப்புறம் வயலின்கள் மொத்தமாக வரும், கவனியுங்கள்" என்றேன். வந்தது. அவர் ஜன்னல் பக்கமிருந்து திரும்பி ஸ்பீக்கரைப் பார்த்தார். இரண்டாவது இடையிசையில் மெட்டு முற்றிலும் வேறு என்றேன். அதற்கும் காத்திருந்து கேட்டார். பாட்டு முடிந்ததும், "கேன் வி ஹியர் இட் அகெய்ன்?" என்றார். டிரைவர் அண்ணனுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரே மறுபடி போட்டுவிட்டார்.

ஆஸ்கரை வைத்து ஆரம்பிக்கிற பழக்கத்தையும் அதற்கு முன்பே விட்டிருந்தேன். 2009இல் ரகுமான் இரண்டு ஆஸ்கர் வாங்கியதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் அதற்குமேல் பேச்சு நகராது. புல்லாங்குழலுக்குக் காத்திருக்க வைத்தால் அவர்களும் நம்மோடு சேர்ந்து கேட்கிறார்கள்.

இன்னும் வராத விஷயங்கள் இருக்கின்றன. ராகத்தை எப்படி விளக்குவது என்று சரியாகத் தெரியவில்லை. 'ஸ்கேல்' என்று சொன்னால் பாதிதான் போய்ச் சேருகிறது. வேகமாகப் பேசுகிறவர்கள் தங்கள் ஊர் இசைக்குழுக்களின் பெயர்களை அடுக்கினால் பின்னால் ஓட முடிவதில்லை. அப்போது, அதில் ஒரு பாட்டைச் சொல்லுங்கள், ராத்திரி கேட்கிறேன் என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். அடுத்த முறை பேச ஒரு விஷயம் கிடைத்துவிடுகிறது.

சில மாதம் முன்பு, சோகமாக இருக்கும்போது என்ன பாட்டு கேட்பாய் என்று வியட்நாம் தோழி கேட்டார். ஆத்தா, அதாவது என் பாட்டி, இறந்தபோது பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோளோடு தோள் கட்டிக்கொண்டு பாடிய ஒப்பாரியைச் சொன்னேன். 'லமென்ட்' என்ற சொல்லை அதற்காகவே தேடி வைத்திருந்தேன். எழுதி வைத்த பாட்டு இல்லை, செத்தவர் தனக்கு என்ன உறவோ அதை வைத்து ஒவ்வொருத்தியும் அந்த இடத்திலேயே கட்டிப் பாடுவாள் என்றேன். எங்கள் அம்மா என்ன பாடினார் என்று கேட்டார். இரண்டு வரி தமிழில் சொன்னேன், அதற்குமேல் குரல் எழவில்லை. அவர் அவசரப்படுத்தாமல் இருந்தார். பிறகு தங்கள் ஊரிலும் சாவு வீட்டில் வாத்தியக்காரர்கள் வந்து வாசிப்பார்கள் என்று மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். அன்று இரவு நான் எதையும் பதிவு செய்யவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை தாலாட்டு பற்றிப் பேசுவதாக இருக்கிறோம். அம்மாவிடம் கேட்டு நாலு வரி எழுதி வைத்திருக்கிறேன். 'ஆராரோ'வுக்கு ஆங்கிலத்தில் எதுவும் தேடவில்லை, பாடிக் காட்டிவிடப் போகிறேன்.